வரிசையில் நிறுத்தாமல் ஒரு பயிற்சி

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். போன வருடம் தலைமை அலுவலகம் பன்மைத்துவம் பற்றி ஒரு செயலமர்வு வைத்தது. எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, "சொந்த வீடு இருக்கிற ஆக்கள் ஒரு அடி முன்னுக்கு, குடும்பத்தில ஆரையும் இழந்தவை ஒரு அடி பின்னுக்கு" என்று நடத்தினார்கள். செயற்கைக் கால் போட்ட ஓர் அக்கா பின்சுவர் வரை போய் நின்றா. அதற்குப் பிறகு சாப்பாட்டறையில் ஆட்கள் முந்தியதைவிடப் பிரிந்துதான் இருக்கிறார்கள். இந்த முறையும் பயிற்சி கட்டாயமாம். வேறு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. முதல் வேலையாக அந்த வரிசையை விட்டுவிடுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில், வசதியாக வளர்ந்த பிள்ளைகளுக்குத் தங்கள் வசதியை உணர்த்தப் பரவலாகச் செய்யப்படும் பயிற்சி அது. வன்னியில் யாருக்கும் தன் இழப்பை அடிக்கணக்கில் அளந்து காட்ட வேண்டியதில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு வந்த செயலமர்வுகளில் தங்கள் கதையைச் சொல்லிச் சொல்லியே களைத்த சனம் இது. கோவையையும் பேனையையும் வாங்கி, பற்றிஸைச் சாப்பிட்டு, வரவுத்தாளில் கையெழுத்து வைத்துவிட்டுப் போகப் பழகிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

கட்டாயப் பயிற்சி பெரிதாக வேலை செய்வதில்லை என்பது ஆய்விலும் தெரிந்ததுதான். கலெவ், டொபின், கெலி என்ற மூன்று சமூகவியலாளர்கள் 708 அமெரிக்கத் தனியார் நிறுவனங்களின் நீண்டகாலத் தரவுகளைப் பார்த்து 2006இல் எழுதினார்கள். மேலாளர் பதவிகளுக்குப் பெண்களும் கறுப்பினத்தவரும் வருவதற்குப் பயிற்சி மிகக் குறைவாகவே உதவியது. இதைக் கவனிப்பது இன்னாரின் பொறுப்பு என்று ஒருவரையோ ஒரு குழுவையோ நியமித்த இடங்களில்தான் மாற்றம் கூடுதலாக இருந்தது.

குற்றவுணர்வை ஊட்டும் பயிற்சிக்கு மாற்றாக அங்கேயே குளோயி வால்டரி என்பவர் ஒரு முறையை நடத்துகிறார். அவர் வைப்பது மூன்று விதிகள். மனிதரை மனிதராக நடத்து, அரசியல் அடையாளமாகச் சுருக்காதே. குறை சொன்னால் ஆளைத் தூக்கிவிடச் சொல், நொறுக்கச் சொல்லாதே. செய்வதை அன்பிலிருந்து செய். முதல் இரண்டும் உங்கள் இடத்துக்கு அப்படியே பொருந்தும். மூன்றாவதில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். இங்கே பெண்களிடம் அன்பு என்று சொன்னால் "பொறுத்துப் போ பிள்ளை" என்றுதான் அது காதில் விழும்.

ஆகவே அன்பை வேலைத்தளத்தின் ஒழுங்கில் காட்டுங்கள். அந்த அக்காவின் மெசினை ஒருக்கால் போய்ப் பாருங்கள். தொழிற்சாலைத் தையல் மெசினில், துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துபாதத்தைத் தூக்கும் தட்டு வலது முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். முழங்காலை வலப்பக்கம் தள்ளினால் பாதம் எழும்பும். வலது காலைத் தொடையோடு இழந்தவருக்கு ஒவ்வொரு தையல் முடிவிலும் அது போராட்டம். மிதியைக் குதியால் பின்னுக்கு அழுத்தினால் பாதம் தானாக எழும்பும் மெசின்கள் இருக்கின்றன. இடது காலால் அதை மிதிக்கலாம். பழைய மெசினிலேயே தூக்கும் பொறியை இடது காலுக்கு மாற்ற முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அவவுக்கு எது வசதி என்பதை முதலில் அவவிடமே, தனியாக, கேளுங்கள். போரில் செல் வெடித்த சத்தத்தில் காது மந்தமானவர்களும் லைனில் இருப்பார்கள். சுப்பவைசர் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினால் அவர்களுக்கு விளங்காது, திட்டுகிறார் என்று மட்டும் படும். முன்னுக்கு வந்து முகம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆட்கள் ஒருவரையொருவர் அறிவதற்கு கோர்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்ன நிபந்தனைகள் இன்றும் பயன்படும்: சம தரம், பொது இலக்கு, சேர்ந்து செய்யும் வேலை, மேலிடத்தின் ஆதரவு. ஒரே அறையில் இருந்தால் மட்டும் போதாது. கழுத்துப்பட்டி தைப்பதில் கெட்டிக்காரி ஒருத்தியையும் பொக்கற் தைப்பதில் கெட்டிக்காரி இன்னொருத்தியையும் சோடி சேர்த்து, ஒருவருக்கொருவர் பழக்க விடுங்கள். ஒருத்தி மலையகத்திலிருந்து 1977 கலவரத்துக்குப் பிறகு வந்து குடியேறிய குடும்பம், மற்றவள் இந்த ஊர்ப் பழைய குடும்பம், அல்லது 1990இல் வெளியேற்றப்பட்டுப் பின்னர் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம் என்று நீங்கள் மனதில் வைத்துச் சேர்க்கலாம். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்.

சொல்லால் குத்துகிறவர்களை என்ன செய்வது? மலையகத்திலிருந்து வந்தவர்களை இழிவாக "தோட்டக்காட்டு ஆக்கள்" என்று ஒரு சுப்பவைசர் சொன்னார் என்று வையுங்கள். கூட்டத்தில் வைத்துக் கேட்டால் அவர் வீம்புக்கு நிற்பார். தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, காலமை நீர் சொன்னது அந்தப் பிள்ளைக்குக் கேட்டது. பிறகு தேத்தண்ணிக்கும் அவ எழும்பேல்லை" என்று நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு, அவர் பேசும்வரை பேசாமல் இருங்கள். நீர் இனவாதி, சாதிவெறியர் என்று பட்டம் கட்டினால் அவர் பட்டத்தோடுதான் சண்டை பிடிப்பார், தன் சொல்லை மறந்துவிடுவார். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கவும் அவரை வற்புறுத்தாதீர்கள். அவராகக் கேட்டால் நல்லது. திரும்பவும் சொன்னால் எழுத்தில் எச்சரிக்கை போக வேண்டும்.

எல்லாவற்றையும் பேசித் தீர்க்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். மாற்றுத்திறனாளி என்பதற்காக வேலைக்கு எடுக்கும்போது பாகுபாடு காட்டுவதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இந்த இரண்டிலும் "கூப்பிட்டு வைத்துக் கதைத்தோம்" என்பது பதிலாகாது. முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பெண்கள் கழிவறைக்குப் போகும் வழியில் ஒட்டுங்கள். அலுவலக வாசலில் ஒட்டினால் அதை யாராவது நின்று வாசிப்பதை எல்லோரும் பார்ப்பார்கள்.

தலைமை அலுவலகம் கேட்கும் பயிற்சியைச் சிறு குழுவாக, சுப்பவைசர்களுக்கு மட்டும், மேலே சொன்ன உரையாடலைப் பழகும் பயிற்சியாக நடத்துங்கள். அறிக்கையில் படங்களோடு, இந்த வருடம் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், பதவி உயர்ந்தவர்கள் யார் யார் என்பதையும் எழுதுங்கள். நேரத்திலும் கவனம் தேவை. பின்னேரம் வைத்தால் விசுவமடு, தர்மபுரம் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸைத் தவறவிடுவார்கள். வேலை நேரத்துக்குள்ளேயே வைத்து, அந்த நேரத்துக்கான உற்பத்திக் கொடுப்பனவை வெட்டுவதில்லை என்று கணக்குப் பிரிவிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.