15 வருடம் யமஹா ஓட்டினேன், இப்போது யமஹா ஸ்னோமொபைலை (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) விட்டே போய்விட்டது. பழையதைத் தள்ளிவிட்டு வேறு எந்த பிராண்டுக்குப் போகலாம்?

நான் இதை எழுதுவது வெள்ளவத்தையில், ஃபேனை அஞ்சில் போட்டுக்கொண்டு. "கொழும்பில் வேர்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு ஸ்னோமொபைலைப் பற்றி என்ன தெரியும்" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடாவில், ஒன்ராறியோவின் சட்பெரியில் 12 வருடம் இருந்தேன். சுரங்க இயந்திரங்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கிடங்கில் வேலை. அதில் ஏழு குளிர்காலம் யமஹா ஆர்எஸ் வென்ச்சர் ஓட்டியிருக்கிறேன். 973 சிசி, மூன்று சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். மைனஸ் 30-இல் சாவியைத் திருப்பினால் ஒரு செருமல், அவ்வளவுதான், ஓடத் தொடங்கிவிடும். 2018-இல் அம்மாவுக்குச் சுகமில்லை என்று வந்தவன் இங்கேயே நின்றுவிட்டேன். ஏன் திரும்பி வந்தாய் என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம், அது வேறு கதை.

உங்கள் கேள்வியில் "தள்ளிவிட்டு" என்று ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் என்னை இரவு பதினொரு மணிக்கு எழுத வைத்தது.

நான் வரும்போது என் வென்ச்சரை மச்சான் வீட்டுக் கராஜில் விட்டு வந்தேன். மனைவியின் தம்பி, நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். 2023 ஜூனில் யமஹா அறிவித்தது: ஜப்பானில் 2022 மாடலுடன், ஐரோப்பாவில் 2024 மாடலுடன், வட அமெரிக்காவில் 2025 மாடலுடன் ஸ்னோமொபைல் விற்பனை முடிகிறது என்று. 1968-இல் எஸ்எல்350 என்ற அவர்களின் முதல் ஸ்னோமொபைலில் தொடங்கிய கதை. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சிரிக்காதீர்கள். மச்சானுக்கோ வேறு மாதிரிப் பயம் பிடித்துவிட்டது. ஒரு மாதம் கழித்து ஃபோன். "அத்தான், கம்பனியே இழுத்து மூடப் போறான். இனிச் சாமான் வராது. நல்ல காலம், ஒருத்தன் கேட்டான், குடுத்திட்டன்." கொடுத்த விலையைச் சொன்னான். ஒரு நல்ல ஃபிரிட்ஜ் கூட வராது அந்தக் காசுக்கு. வாங்கினவன் யார் தெரியுமா? ஏற்கெனவே அதே மாதிரி வென்ச்சர் வைத்திருந்த ஒரு கிழவன். அவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

அந்தக் கிழவனுக்குத் தெரிந்தது எனக்குக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில்தான் விளங்கியது, அதுவும் பனியே பார்க்காத ஒரு வண்டியால்.

இங்கே வந்த புதிதில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். பிராண்டைச் சொல்ல மாட்டேன், அதன் பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள். அப்பா காலத்திலிருந்து எனக்கு அந்தப் பெயரில் ஒரு மோகம். வாங்கும்போதே அதற்கு இங்கே ஏஜென்ட் கடையைக் கட்டிவிட்டார் என்று தெரியும். தெரிந்தும் வாங்கினேன். 2021-இல் அதன் டிரைவ் பெல்ட் அறுந்தது. ஸ்கூட்டருக்கும் ஸ்னோமொபைலுக்கும் நெஞ்சு ஒன்றுதான்: கியர் கிடையாது, இரண்டு கப்பிக்கு நடுவில் ஒரு பெல்ட், வேகத்துக்கு ஏற்றபடி கப்பி விரிந்து சுருங்கும். பெல்ட் இல்லையென்றால் எஞ்சின் என்னதான் உறுமினாலும் வண்டி நின்ற இடத்தில்தான்.

பஞ்சிகாவத்தையில் கிடைக்காத சாமான் கிடையாது என்பார்கள். ஏழு கடை ஏறி இறங்கினேன். எட்டாவது கடையில் கடைக்கார நானா ஒருவர் என் பழைய பெல்ட்டை வாங்கி, நீளத்தையும் அகலத்தையும் டேப் வைத்து அளந்து, வேறு ஒரு ஸ்கூட்டரின் பெல்ட்டை எடுத்துத் தந்தார். "கிட்டத்தட்ட சரி" என்றார். அந்தக் கிட்டத்தட்ட மூன்று கிழமை ஓடியது. பம்பலப்பிட்டிச் சந்தியில் அதுவும் போனபோது வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், காலி வீதியில், மத்தியானம் ஒரு மணி வெயிலில். மறுபடி நானாவிடம் போனால், அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதை எனக்கே தாங்க தம்பி, உடைச்சு வித்தா எனக்கும் லாபம், இதே வண்டி வச்சிருக்கிற நாலு பேருக்கும் புண்ணியம்" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. 2022-இல் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைப் பங்கீடு வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர் என்று ஆனபோது, ஓடாத வண்டிக்கு எதற்கு லீட்டர் என்று அவரிடமே கொடுத்துவிட்டேன்.

வேறு புதுசு வாங்கியிருக்கலாமே என்பீர்கள். எங்கே? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்த வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம், பழைய வண்டி வைத்திருந்தவன் எல்லாம் ராஜா. பத்து வருடம் ஓடிய ஸ்கூட்டருக்கு, அது புதிதாக வந்தபோது இருந்ததை விடக் கூட விலை கேட்டார்கள், நானே கேட்டுப் பார்த்தேன். இப்போது திறந்துவிட்டார்கள், சரி, ஆனால் வரி மேல் வரி போட்டு வரும் விலையைப் பார்த்தால் பஸ்ஸே மேல் என்றிருக்கிறது. டொலர் இல்லாத நாட்டில் இறக்குமதியை நிறுத்தினது பிழை என்று நான் சொல்லவில்லை. என்னை மாதிரி ஆளைப் பஸ்ஸில் தொங்க விட்டவர்கள் ஜீப்பில் போனார்கள், அதைத்தான் சொல்கிறேன். விடுங்கள், உங்களுக்கு இது எதற்கு.

உங்கள் கதைக்கு வருகிறேன். பழையதை விற்காதீர்கள். உதிரிப்பாகமும் சேவையும் தொடரும் என்று யமஹாவே சொல்லியிருக்கிறது. அது போக, பெல்ட், பேரிங், முன்னால் சறுக்கும் ஸ்கீக்குக் கீழே தேயும் கம்பி, பின்னால் வண்டியைத் தள்ளும் ட்ராக்குக்குள் தேயும் பிளாஸ்டிக் ஸ்லைடு எல்லாம் வேறு கம்பனிகளும் செய்கின்றன. முதலில் தட்டுப்படப் போவது வயரிங், எஞ்சினின் மூளைப் பெட்டி, முன் மூடி, விளக்கு மாதிரிச் சாமான்கள்தான். அவற்றை அளந்து பார்த்து இன்னொன்றைப் போட முடியாது. அதனால், கராஜில் இடம் இருந்தால், உங்கள் வண்டியின் அதே மாடலில் அடிபட்டதோ எஞ்சின் போனதோ ஒன்று மலிவாக வந்தால் வாங்கிப் போடுங்கள். சட்பெரிக் கிழவன் செய்தது அதைத்தான். மனைவி திட்டினால் நான் பொறுப்பல்ல.

ஒன்று கவனிக்க வேண்டும். 2014 மாடலிலிருந்து யமஹா என்று பெயர் போட்ட பல வண்டிகளின் உடம்பு ஆர்க்டிக் கேட் என்ற அமெரிக்க ஸ்னோமொபைல் கம்பனியுடையது, எஞ்சின் மட்டும் யமஹா. யமஹாவின் சைட்விண்டர் மாடல் அப்படித்தான். உங்களுடையது அதில் ஒன்றென்றால் கண் ஆர்க்டிக் கேட்டின் மேலும் இருக்கட்டும். அவர்களும் ஆடிப் போயிருந்தார்கள். அவர்களுக்குச் சொந்தக்காரராக இருந்த டெக்ஸ்ட்ரான் அந்தப் பகுதியை 2025-இல் விற்றுவிட்டது. புதுக் கைகள் நன்றாக நடத்தட்டும். ஆனால் ஒரு தடவை சூடு கண்டவன் நான், உடனே போய் அதில் காசைப் போடச் சொல்ல மாட்டேன்.

இல்லை, புதுசு வேண்டும் என்றே நிற்கிறீர்கள் என்றால், ஃபோர் ஸ்ட்ரோக் சத்தத்துக்கும் நிதானத்துக்கும் பழகினவருக்குக் கிட்ட வருவது ஸ்கி-டூ என்ற கனடா பிராண்டின் 900 ஏஸ் எஞ்சின். ரோடாக்ஸ் என்ற எஞ்சின் கம்பனி செய்வது, அதுவும் மூன்று சிலிண்டர். பனியைச் சமப்படுத்திய பாதையில் நீண்ட ஓட்டம், பின்னால் ஒரு ஆள், இதுதான் உங்கள் ஓட்டம் என்றால் அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். இன்னும் சாதுவாகப் போதும் என்றால் 600 ஏஸ். பொலாரிஸும் நல்ல வண்டிதான், மின்னேசோட்டாக்காரர், 1954-இலிருந்து இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் பலம் டூ ஸ்ட்ரோக். ஆழப் பனியில், மலையில் ஏறுகிறவருக்கு எடை குறைந்த டூ ஸ்ட்ரோக்தான் சரி. ஃபோர் ஸ்ட்ரோக்கைப் புதைந்த குழியிலிருந்து இழுத்தவனுக்குத் தெரியும் இடுப்பு என்றால் என்னவென்று. ஆனால் டூ ஸ்ட்ரோக்குக்கு எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த மணமும் சட்டையை விட்டுப் போகாது. பொலாரிஸ் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், நான் ஓட்டினதை வைத்துத்தான் சொல்கிறேன்.

இந்த இரண்டில் எது என்பதை பிராண்டை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் எந்த டீலர் இருக்கிறான், அவன் மெக்கானிக் ஜனவரி மாதம் ஃபோன் எடுப்பானா, அலமாரியில் பெல்ட் தொங்குகிறதா என்று போய்ப் பாருங்கள். அதுவும் கோடையில் அல்ல, பனி விழுந்து எல்லாரும் வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும் ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள்.

மச்சான் போன வருடம் புது ஸ்கி-டூ எடுத்தான். நல்ல வண்டி என்கிறான். என் வென்ச்சரின் இரண்டாவது சாவி இன்னும் இங்கே என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, அதை அந்தக் கிழவனுக்குத் தபாலில் அனுப்பலாமா என்று அவனிடம் விலாசம் கேட்டேன். இன்னும் அனுப்பவில்லை. டேய், இதை வாசித்தால் விலாசத்தை அனுப்பு. ஹெல்மெட்டையும் சேர்த்துத்தான் கொடுத்தாயா?