வியட்நாம் போரும் ஆஸ்திரேலியாவின் பிறந்தநாள் குலுக்கலும்: கேள்வி பதில்

1965இல் ஆஸ்திரேலியா வியட்நாம் போரில் இறங்கியது, அதை உள்நாட்டு மக்கள் எதிர்த்தது, கட்டாய ராணுவச் சேவை என்று இதைச் சுற்றியே எல்லாக் கேள்விகளும் வந்திருக்கின்றன. பல வருடங்களாகத் தேடித் தேடிப் படித்துவரும் விஷயம் என்பதால், சில பதில்கள் கொஞ்சம் நீண்டுவிட்டன.

சார், வியட்நாம் என்றாலே அமெரிக்காவின் போர் என்றுதான் படித்திருக்கிறோம். ஆஸ்திரேலியாவுக்கு அங்கே என்ன வேலை?

பயம்தான் காரணம். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தபோதே, ஆபத்து வந்தால் பிரிட்டன் ஓடி வராது என்று ஆஸ்திரேலியர்களுக்குப் புரிந்துவிட்டது. அறுபதுகளில் சீனா பற்றிய அச்சம் ஒரு பக்கம், மலேசியாவோடு மோதிக்கொண்டிருந்த இந்தோனேசியா இன்னொரு பக்கம். நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் அமெரிக்கா வரவேண்டும், அதற்கு இன்றைக்கு அவர்கள் கூப்பிடும் இடத்துக்கு நாம் போகவேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். 1962இல் 30 ராணுவப் பயிற்சியாளர்கள் போனார்கள். 1965 ஏப்ரல் 29 அன்று ஒரு முழுப் பட்டாளத்தையே அனுப்பப்போவதாகப் பிரதமர் ராபர்ட் மென்சீஸ் அறிவித்தார்.

தெற்கு வியட்நாம் கேட்டுக்கொண்டதால் அனுப்புகிறோம் என்றார் அவர். அந்தக் கோரிக்கை தானாக வந்ததல்ல, ஆஸ்திரேலிய அரசே கேட்டு வாங்கியது என்பது பின்னாளில் வெளிவந்த ஆவணங்களில் தெரிந்தது.

நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடத்தவில்லையா?

போருக்குப் போவது அங்கே அமைச்சரவையின் முடிவு. நாடாளுமன்ற ஒப்புதல் சட்டப்படி தேவையில்லை, இன்றைக்கும் அப்படித்தான். எதிர்க்கட்சித் தலைவர் ஆர்தர் கால்வெல் மே 4 அன்று எழுந்து, இந்த முடிவை நாங்கள் எதிர்க்கிறோம் என்று பேசினார். இந்த நிலைப்பாட்டால் நமக்கு அவப்பெயர் வரும், தாங்கிக்கொள்ளவேண்டும் என்று தன் கட்சிக்காரர்களிடமும் சொன்னார். அவர் சொன்னபடியே ஆயிற்று.

பிறந்தநாள் குலுக்கல் என்றால் என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். எதிர்ப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1964 நவம்பரில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. 20 வயதாகும் ஆண்கள் எல்லோரும் பெயரைப் பதிவு செய்யவேண்டும். அத்தனை பேரையும் ராணுவத்தில் எடுக்க முடியாது, அதனால் லாட்டரி. உருட்டும் பீப்பாய் ஒன்றில் எண் போட்ட சின்ன உருண்டைகளைப் போடுவார்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு பிறந்த தேதி. பீப்பாயைச் சுழற்றி, தேவைப்படும் அளவுக்கு உருண்டைகளை எடுப்பார்கள். உன் தேதி விழுந்தால், உடல்நிலையும் மற்றச் சோதனைகளும் சரியாக இருந்தால், இரண்டு வருடம் ராணுவம். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் அவன் வழக்கம்போல வேலைக்குப் போவான். முதல் குலுக்கல் 1965 மார்ச் 10 அன்று நடந்தது. ஆரம்ப வருடங்களில் எந்தத் தேதிகள் விழுந்தன என்று வெளியே அறிவிக்கக்கூட இல்லை, வீட்டுக்குக் கடிதம்தான் வரும்.

1972 வரை 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள். அவர்களில் சுமார் 63,000 பேர் எடுக்கப்பட்டார்கள், 15,000க்கும் அதிகமானவர்கள் வியட்நாமுக்குப் போனார்கள். அங்கே இறந்த ஆஸ்திரேலியர்கள் 500க்கும் மேல், அதில் ஏறக்குறைய 200 பேர் இப்படிக் குலுக்கலில் விழுந்தவர்கள்.

என்னை இன்றைக்கும் உறுத்துவது இன்னொரு விஷயம். அப்போது வாக்களிக்கும் வயது 21. இருபது வயதில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகலாம், அனுப்புகிற அரசு வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல மட்டும் முடியாது. முதல் உலகப் போரின்போதாவது கட்டாயச் சேவை பற்றி 1916, 1917 என்று இரண்டு முறை மக்களிடம் கேட்டார்கள். இரண்டு முறையும் மக்கள் வேண்டாம் என்றார்கள். இந்த முறை கேட்கவே இல்லை.

அப்படியென்றால் மக்கள் ஆரம்பத்திலிருந்தே கொதித்திருப்பார்களே?

இல்லை. ஆரம்பத்தில் பெரும்பான்மை அரசின் பக்கம்தான். 1966 நவம்பர் தேர்தலில் கால்வெல் போரையும் கட்டாயச் சேவையையும் எதிர்த்தே பிரசாரம் செய்தார், படுதோல்வி அடைந்தார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: போரை ஆதரித்தவர்களிலேயே பலர், குலுக்கலில் எடுத்த பையன்களை அங்கே அனுப்புவதை விரும்பவில்லை. அந்த விரிசல் வருடத்துக்கு வருடம் அகன்றது. 1969 வாக்கில் கருத்துக்கணிப்புகளே மாறிவிட்டன.

அம்மாக்கள் போராடினார்கள் என்று கேள்விப்பட்டேன், அதைப் பற்றிச் சொல்லுங்களேன்.

'எங்கள் மகன்களைக் காப்பாற்றுங்கள்' என்ற அமைப்பு 1965இல் சிட்னியில் தொடங்கியது. பெரும்பாலும் நடுத்தர வயதுக் குடும்பப் பெண்கள். பையன்கள் ராணுவத்தில் சேரவரும் நாளில் முகாம் வாசலில் போய் நிற்பார்கள். தொப்பி, கையுறை, கையில் துண்டுப்பிரசுரம். பல நேரம் வாயே திறக்காமல் மௌனமாக நிற்பார்கள். அதற்கே கம்யூனிஸ்டுகள், பொறுப்பில்லாத தாய்மார்கள் என்றெல்லாம் பேச்சு வாங்கினார்கள். 1971 ஏப்ரலில் மெல்போர்னில் ஓர் அரசு அலுவலகத்தில் துண்டுப்பிரசுரம் கொடுத்த ஐந்து பெண்களுக்கு, அத்துமீறி நுழைந்ததாக 14 நாள் சிறை விதித்து ஃபேர்லீ பெண்கள் சிறைக்கு அனுப்பினார்கள். அதுவரை எட்டி நின்று பார்த்த பலரை அந்தத் தீர்ப்புதான் போராட்டத்தின் பக்கம் தள்ளியது என்று நினைக்கிறேன். பிள்ளை பெற்றவளைக் காகிதம் கொடுத்ததற்காக ஜெயிலில் போட்டால் எந்த ஊர் ஏற்கும்?

மனசாட்சிப்படி போர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்களா?

எல்லாப் போரையும் எதிர்ப்பவர் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கவேண்டும். இந்தப் போர் மட்டும் தவறு என்றால் ஏற்கமாட்டார்கள். ராணுவத்தில் சேர மறுத்த சிட்னி பள்ளி ஆசிரியர் வில்லியம் வைட்டை 1966 நவம்பரில் போலீஸ்காரர்கள் வீட்டிலிருந்து இழுத்துப்போன படம் நாடு முழுக்கப் பரவியது. அதேபோல மறுத்த ஜான் ஸார்ப் என்ற தபால்காரர் 1968இல் பென்ட்ரிட்ஜ் சிறைக்குப் போனார்.

தொழிற்சங்கங்கள்?

கப்பல் மாலுமிகள் முன்னால் நின்றார்கள். பூனரூ, ஜெபரிட் என்ற சரக்குக் கப்பல்களில் போர்த் தளவாடம் ஏற்றிப்போக மறுத்ததால், கடற்படையே அவற்றை எடுத்து ஓட்டவேண்டி வந்தது.

1970 ஊர்வலங்களால்தான் போர் நின்றது என்று சொல்லலாமா?

அப்படிச் சொல்லமாட்டேன். 1970 மே 8 அன்று மெல்போர்னில் மட்டும் 70,000 பேருக்குக் குறையாமல் கூடினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கெய்ர்ன்ஸ் தலைமையில் வந்து, நகரின் பர்க் தெருவில் அமைதியாக உட்கார்ந்தார்கள். ரத்தக்களரி ஆகும் என்று பயமுறுத்தியவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆனால் படைகளைத் திரும்ப அழைத்ததில், அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் தன் படைகளைக் குறைக்க ஆரம்பித்ததற்குத்தான் பெரும் பங்கு. கட்டாயச் சேவை விஷயம் வேறு. அது மக்கள் எதிர்ப்பால் ஒழிந்தது. 1972 டிசம்பர் 2 தேர்தலில், கால்வெல்லுக்குப் பின் எதிர்க்கட்சித் தலைவரான விட்லம் ஜெயித்தார், சில நாட்களுக்குள் அதை நிறுத்தினார், சிறையில் இருந்த மறுப்பாளர்களை விடுவித்தார். அடுத்த வருடமே வாக்களிக்கும் வயது 18 ஆனது.

போரை எதிர்த்தவர்கள் திரும்பி வந்த சிப்பாய்களை அவமதித்தது உண்மையா?

சில இடங்களில் நடந்தது, மறைக்க வேண்டியதில்லை. 1966 ஜூனில் முதல் பட்டாளம் சிட்னியில் அணிவகுத்து வந்தபோது, உடம்பெல்லாம் சிவப்புச் சாயம் பூசிய ஓர் இளம்பெண் வரிசைக்குள் புகுந்து வீரர்கள் மேல் சாயத்தை அப்பினார். அதே ஊர்வலத்தில் லட்சக்கணக்கான மக்கள் கைதட்டி வரவேற்றதும் உண்மை. பல பட்டாளங்களுக்கு அப்படி ஊர்வலம் நடந்திருக்கிறது. தனித்தனியாக, ராத்திரி விமானத்தில் வந்து இறங்கியவர்களுக்குத்தான் யாரும் இல்லை. முந்தைய போர்களில் இருந்த பெரியவர்களே சிலர், அதெல்லாம் ஒரு போரா என்று கேட்டிருக்கிறார்கள். குலுக்கலில் விழுந்து போன பையனுக்கு, அனுப்பியவர்கள் மேல் இருந்த கோபமும் சேர்ந்து கிடைத்தது. இதை எந்த நியாயத்திலும் என்னால் சேர்க்க முடியவில்லை.

அவர்களுக்கான முறையான வரவேற்பு 1987 அக்டோபர் 3 அன்றுதான் சிட்னியில் நடந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் நடந்தார்கள். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கொடி என்று அவர்களுக்கு முன்னால் ஏந்திச் சென்றார்கள்.