அபராதம் கட்டியாச்சு, டெபாசிட் திரும்ப வருமா?

கேள்வி: நானும் மனைவியும் பிரான்சில் டிஜோன் நகரில் கார் வாடகைக்கு எடுத்து, பர்கண்டி திராட்சைத் தோட்டங்கள் வழியே நுயி-சான்-ஜோர்ஜ் வரை போனோம். மூன்று இடங்களில் ஒயின் ருசி பார்த்தேன். திரும்பும்போது போலீஸ் ஊதச் சொன்னதில் 0.31 வந்தது. எல்லை 0.5தானே என்றேன், கேட்கவில்லை, 135 யூரோ அபராதம். குடிக்காத மனைவி ஓட்டலாம் என்று அவர்களே சொன்னார்கள். அவரிடம் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருந்தது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லை. ஒரு கல்சுவரில் கார்க் கதவு உரசிவிட்டது. நிறுவனம் 1,800 யூரோ டெபாசிட்டை முழுதாக எடுத்துக்கொண்டது. மீட்க முடியுமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: முதலில் அந்த 0.31. நீங்கள் சொல்லும் 0.5, ஒரு லிட்டர் ரத்தத்தில் எத்தனை கிராம் ஆல்கஹால் என்ற கணக்கு. ஊதும் கருவி காட்டுவது ஒரு லிட்டர் மூச்சுக்காற்றில் எத்தனை மில்லிகிராம் என்பதை. அதற்கு எல்லை 0.25. 0.40-ஐத் தொட்டிருந்தால் குற்ற வழக்காகியிருக்கும், தப்பினீர்கள். அபராதம் கட்டியதோடு அது முடிந்தது. ருசி பார்க்கும் மேசையில் துப்புவதற்கென்றே பாத்திரம் இருந்திருக்குமே! ஒயின் வியாபாரிகளே துப்புகிறார்கள், நமக்குத்தான் கூச்சம்.

டெபாசிட் போனதற்கு ஒயினைக் குறை சொல்ல முடியாது. மனைவி ஓட்டலாம் என்று போலீஸ் சொன்னது, அவர் குடிக்கவில்லை, லைசென்ஸ் இருக்கிறது என்ற அளவில்தான். காருக்குச் சொந்தக்காரரின் சம்மதத்தை போலீஸ் தர முடியாது. பெயர் சேர்க்காதவர் ஓட்டினால் சேதப் பாதுகாப்பு (சேதச் செலவு முழுதும் உங்கள் தலையில் விழாமல் காக்கும் ஏற்பாடு) ரத்து என்ற வரி உங்கள் ஒப்பந்தத்திலும் அநேகமாக இருக்கும். சாவியை மாற்றும் முன் நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

அதற்காக 1,800 யூரோவையும் விட்டுவிட வேண்டாம். பாதுகாப்பு போனால் உண்மையான சேதத்துக்கு நீங்கள் பொறுப்பு, அவ்வளவுதான். ஒரு கதவு உரசியதற்கு என்ன செலவானது? பழுது பார்த்த பில், வண்டியை ஒப்படைத்தபோது எழுதிய நிலை அறிக்கை, படங்கள் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தமே தண்டத்தொகை என்று ஒரு தொகையைக் குறித்திருந்தாலும், அது மிதமிஞ்சியதென்றால் குறைக்க பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1231-5 பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. கடிதத்தில் அந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள்.

பதில் வராவிட்டால் நுகர்வோர் மத்தியஸ்தரிடம் போகலாம். அவர் யாரென்று நிறுவனமே தெரிவிக்க வேண்டும். உங்களுக்குக் கட்டணம் கிடையாது. நிறுவனத்துக்குப் புகார் எழுதிய நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம், ஆகவே கடிதத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.