ஒட்டுண்ணிக் குளவி எதைத் தேடுகிறது?

கேள்வி: கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு ஒட்டுண்ணி அட்டை (உள்ளே குளவி வளரும் பூச்சி முட்டைகளை ஒட்டிய காகித அட்டை) கட்டியும் புழு குறையவில்லை. அட்டைக் குளவி அரிசி அந்துப்பூச்சி முட்டையில் வளர்ந்தது. கரும்புப் பூச்சியை அதற்கு எப்படி அடையாளம் தெரியும்?

பதில்: டிரைக்கோகிரம்மா என்ற இந்த அட்டைக் குளவி புழுவைத் தொடுவதே இல்லை, முட்டையைத்தான் தேடும். தண்டில் துளை விழுந்த பிறகு அட்டை கட்டியிருந்தால் தவறு குளவியுடையது அல்ல.

அரை மில்லிமீட்டர் உடம்பு. தாய் அந்துப்பூச்சி உட்கார்ந்த இலையில் உதிர்ந்த சிறகுச் செதில்களின் வாடை பட்டதும் நடை மாறி, அங்கேயே சுற்றிச் சுற்றித் தேடும். ஒரு வகை அந்துப்பூச்சியின் செதிலில் இந்த வேலையைச் செய்வது டிரைகோசேன் என்ற மெழுகுப்பொருள் என 1973-இல் கண்டறிந்தார்கள். முட்டை கிடைத்ததும் மேலே ஏறி, உணர்கொம்பால் தட்டியபடி நடந்து அதன் அளவைக் கணிக்கும். பெரிய முட்டையில் பல, சிறியதில் ஒன்று என்று தன் முட்டையை இடும். இன்னொரு குளவி முன்பே நடந்துபோன வாடை இருந்தால் விலகிவிடும். அந்த வாடையைக் கழுவினால் ஏறித் துளைக்கும். ஆனால் முட்டையிடும் ஊசி உள்ளே போனதும் ஏற்கெனவே ஆள் இருப்பதை உணர்ந்து எடுத்துக்கொள்ளும். இதைப் பூச்சியியல் ஆய்வாளர் ஜார்ஜ் சால்ட் 1930-களிலேயே காட்டினார். முட்டைக்குள் புழு உருவாகிவிட்டாலும் குளவிக்கு அது பயன்படாது.

உங்கள் சந்தேகத்திலும் நியாயம் உண்டு. தலைமுறை தலைமுறையாக அரிசி அந்துப்பூச்சியிலேயே வளர்த்தால் குளவியின் தேடும் திறன் மங்கும். நல்ல உற்பத்தியாளர்கள் அவ்வப்போது வயல் பூச்சியின் முட்டையில் அதை வளர்த்துப் புதுப்பிப்பார்கள். வாங்குமிடத்தில் கேளுங்கள்.

நட்ட 4-ஆம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, ஏக்கருக்கு 1 சி.சி. (அட்டை முட்டைகளை அளக்கும் கன சென்டிமீட்டர்) வீதம், 6 தடவை கட்ட வேண்டும். அட்டை முட்டைகள் கருத்திருக்க வேண்டும். ஓட்டை தெரிந்தால் குளவி போய்விட்டது. இந்தக் குளவி வெகுதூரம் பறக்காது. அதனால் அட்டையைத் துண்டுகளாக்கி வயல் முழுக்க, இலையின் அடிப்புறத்தில், வெயில் தாழ்ந்த பிறகு கட்டுங்கள். வரப்போரம் மொத்தமாகத் தொங்கவிட்டால் நடுவயலுக்குப் போய்ச் சேராது, எறும்புதான் தின்னும். அந்த நாட்களில் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது.

ஐந்தாறு நாள் கழித்துக் கரும்பு இலையில் முட்டைக் குவியலைப் பாருங்கள். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு கரும்புள்ளி மட்டும் தெரிந்தால் அது பொரியப்போகும் புழுவின் தலை. முட்டை முழுதும் கருத்திருந்தால் உள்ளே குளவி.