நோர்வே சிறுவர் எழுத்தாளர் தூர்பியோர்ன் எக்னர் யார்? அவரை எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

எக்னரை எழுத்தாளர் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். கதை, படம், பாட்டு, மெட்டு எல்லாமே அவர் கைவேலை. நாடகமாக்கியபோது அரங்க அமைப்பையும் உடைகளையும்கூட அவரே வடிவமைத்தார். 1912 டிசம்பர் 12 அன்று ஒஸ்லோவில் பிறந்தார். அந்நகரின் பெயர் அப்போது கிறிஸ்தியானியா. தொழிலாளர்கள் நிறைந்த காம்பென் பகுதியில், மளிகைக்கடைக்காரர் வீட்டில் வளர்ந்தார்.

1947இல் நோர்வே வானொலியில் வந்த சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிதான் அவருடைய பட்டறை. காதால் கேட்க எழுதியவை என்பதால் கதை கொஞ்சம் ஓடியதும் ஒரு பாட்டு வந்துவிடும். அந்தப் பாட்டைத் தாண்டிப் போனால் கதையே புரியாது.

நாலைந்து வயதுக்கு 'கரியுஸும் பக்துஸும்' (1949). யென்ஸ் என்ற சிறுவனின் பல்லுக்குள் குடியிருக்கும் இரண்டு குட்டிப் பூதங்கள், அவன் இனிப்புத் தின்னத் தின்ன சுத்தியலால் குடைந்து வீட்டைப் பெரிதாக்குகின்றன. பல் மருத்துவர் ஓட்டைகளை அடைக்கிறார். பல் துலக்கும் தூரிகை வந்து இருவரையும் அடித்துச் செல்கிறது. வீடிழந்த அந்த இருவருக்காகவும் சில பிள்ளைகள் அழுதுவிடும். அழட்டும், அவசரப்பட்டு அறிவுரை சொல்லாதீர்கள்.

அடுத்து 'ஹக்கெபக்கெ காடு' (1953). அதில் மிளகு பிஸ்கட் பாட்டு ஒன்று உண்டு. ஒரு கிலோ மார்ஜரின், ஒரு கிலோ சர்க்கரை, எட்டு முட்டை மஞ்சள் கரு, ஒரு கிலோ கோதுமை மாவு, ஒரே ஒரு தேக்கரண்டி மிளகு. அடுமனைப் பையன் அளவைக் குழப்பி மிளகை ஒரு கிலோ போட்டுவிட, ஒரே தும்மல்! மொழிபெயர்ப்பவர்கள் சந்தத்துக்காக இந்த அளவுகளை மாற்றினால் நகைச்சுவை செத்துவிடும். கிலோவும் தேக்கரண்டியும் இடம் மாறுவதில்தான் கதையே இருக்கிறது. எந்த விலங்கும் இன்னொன்றைத் தின்னக்கூடாது என்று காட்டுக்குச் சட்டம் போடுவதும் இதில்தான். பிறகு ஆபத்து நேரத்தில் கரடிக்குட்டியை மீட்க, மற்ற விலங்குகளை வேட்டையாடிய நரியே துணை போகிறது.

1955இல் வந்த 'ஏலக்காய் நகரத்து மக்களும் கொள்ளையரும்' அவர் எழுதியவற்றில் சிகரம் என்பேன். கஸ்பர், யெஸ்பர், யொனத்தான் என்ற கொள்ளையர் மூவரும் வீட்டு வேலை செய்ய ஆள் வேண்டுமென்று சோபி அத்தையைத் தூக்கிப்போகிறார்கள். அவர் இவர்களைக் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் விரட்டும் விரட்டில், திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார்கள்! கடைசியில் தீயை அணைத்து நல்ல பெயர் வாங்குகிறார்கள். கஸ்பர் தீயணைப்புத் தலைவராகிறான், யெஸ்பர் சர்க்கஸ் நடத்துகிறான், யொனத்தான் ரொட்டிக்கடையில் சேர்கிறான். தண்டிப்பதைவிட ஆளுக்கொரு வேலை கொடுப்பது மேல் என்பதை எக்னர் பிரசங்கமே இல்லாமல் காட்டிவிடுகிறார்.

இவை தவிர பள்ளிக்கூடங்களுக்காக 16 பாகங்களில் வாசிப்புப் புத்தகங்களையும் தொகுத்தார். 1990 டிசம்பர் 24 அன்று மறைந்தார். மறுவருடமே நோர்வேயின் கிறிஸ்தியான்சான் நகர விலங்குப் பூங்காவில் அந்த ஏலக்காய் நகரத்தை வீடுகளோடும் கோபுரத்தோடும் கட்டித் திறந்தார்கள்.