உப்பு குறையவில்லையா? ரெசினை மாற்ற அவசரப்படாதீர்கள்

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "போர் தண்ணீருக்கு சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் கருவி) போட்டு இரண்டு வருஷம். ஒரு மாதமாக சோப்பு நுரைக்கவில்லை, குழாயெல்லாம் வெள்ளை படிகிறது. தொட்டியில் கொட்டிய உப்பு அப்படியே கிடக்கிறது. சர்வீஸ் ஆள் ரெசினை மாற்றணும் என்கிறார். மாற்றலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். உப்பு அப்படியே கிடக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்களே, கோளாறு அங்கேதான். தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியம், மக்னீசியத்தை சாஃப்ட்னருக்குள் குருணையாக இருக்கும் ரெசின் பிடித்து வைத்துக்கொள்ளும். அது நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவினால்தான் மறுபடி வேலை செய்யும். அந்தக் கழுவலே உங்கள் வீட்டில் நடக்கவில்லை, புது ரெசின் போட்டாலும் சில நாளில் இதே கதைதான்.

துடைப்பக் கட்டையை எடுத்து உப்பை மெதுவாகக் குத்திப் பாருங்கள். நம் கடல் காற்றுக்கு உப்பு கசிந்து மேலே பாலம் மாதிரி இறுகிவிடும், அடியில் வெற்றிடம். டொக்கென்று சத்தம் வந்தால் ஓரமாகத் தட்டி உடையுங்கள், தொட்டிக்குள் நிற்கிற குழாயில் இடித்துவிடாதீர்கள்.

அப்புறம் சாஃப்ட்னரின் கழுவலை நீங்களே தொடங்கி ஓடவிட்டு, உப்புத் தொட்டியின் தண்ணீர் மட்டத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். உப்புநீர் இழுக்கும் கட்டத்தில் மட்டம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உப்புநீரை உறிஞ்சி இழுக்கும் இன்ஜெக்டரின் சின்னத் துளை அடைத்திருக்கும், அல்லது அழுத்தம் போதாது. மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் சுமார் 1 பார் அழுத்தம்தான் கிடைக்கும், பிரஷர் பம்ப் சோர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். இன்ஜெக்டரைக் கழற்றுமுன் தண்ணீர் வரத்தை மூடி அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். ஊசி விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

வாலிநோக்கம் பக்கம் உப்பளத்து உப்பை மூட்டையாக வாங்கிக் கொட்டுகிறீர்களோ? மலிவுதான், ஆனால் கழுவாத உப்பில் சேறும் மக்னீசியமும் சேர்ந்தே வரும். எதை விரட்டப் பார்க்கிறோமோ அதையே காசு கொடுத்து வாங்குவானேன்!

மின்தடையில், கழுவலைத் தொடங்கிவைக்கும் டைமர் கடிகாரம் தவறியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 25 லிட்டர் ரெசின், கடினத்தன்மை 800 பிபிஎம் (லிட்டருக்கு 800 மில்லிகிராம்) என்றால் ஒரு கழுவலுக்குச் சுமார் 1,500 லிட்டர் தண்ணீர்தான் தாங்கும். வாரம் ஒருமுறை கழுவினால் எப்படிப் போதும்?

டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு) மீட்டரைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸையோ கரிப்பையோ குறைக்காது, கரிப்புக்கு ஆர்ஓ வேண்டும். கடினத்தன்மையை, சொட்டுச் சொட்டாக ரசாயனம் விட்டுச் சோதிக்கும் கிட்டில் பாருங்கள். உப்பு ஒழுங்காகக் குறைந்து, கழுவி முடித்த கையோடு பார்த்தும் கடினம் இறங்கவில்லை என்றால், சரி, அப்போது ரெசினை மாற்றுங்கள்.