‘ஃபுல் இன்சூரன்ஸ்’ இருந்தும் பம்பருக்குப் பணம் இல்லையா?

கேள்வி: தண்ணீர் கேன் சப்ளை செய்கிறேன். என் குட்டி யானை (மினி லாரி) போன மாதம் சென்டர் மீடியனில் மோதி முன் ஆக்சில் வளைந்துவிட்டது. பம்பர், ஹெட்லைட், மட்கார்டும் போய்விட்டன. ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தும், ஆக்சிலுக்கு மட்டும்தான் பணம் வரும் என்கிறார், சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர். ஏமாற்றுகிறார்களா? வண்டி ஓட்டும் பையனிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது. அதனாலும் சிக்கல் வருமா?

பதில்: சர்வேயர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சரக்கு வண்டிக்கான பாலிசி, கார் பாலிசி மாதிரி கிடையாது. வண்டி முழுசாகப் போனால் ஒழிய, லைட், டயர், மட்கார்டு, பம்பர், பெயின்ட் எதற்கும் பணம் இல்லை என்பது அதன் அடிப்படை நிபந்தனை. இடித்தால் முதலில் உடைவதே இவைதான்! இவற்றையும் சேர்க்க ‘ஐஎம்டி 23’ என்ற பிரிவு உண்டு. சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் சுமார் 15 சதவீதம் கூடுதலாகும். உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தில் ஐஎம்டி எண்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். அதில் 23 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சர்வேயரிடம் தைரியமாகக் கேட்கலாம்.

இல்லையென்றால், ஏஜென்ட் விலையைக் குறைத்துக் காட்ட அதை எடுத்துவிட்டிருப்பார் என்பது என் சந்தேகம். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பிரீமியம், அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூனில் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி, 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு வரி நீங்கலாக ரூ.16,049. எந்தக் கம்பெனியும் இதில் தள்ளுபடி தர முடியாது. அப்படியிருக்க, ஒருவர் மட்டும் சில ஆயிரம் குறைத்துச் சொன்னால், தள்ளுபடியா அல்லது எதையாவது வெட்டிவிட்டாரா என்று கேளுங்கள். பெரும்பாலும், ஒன்று ஐஎம்டி 23 போயிருக்கும், இல்லாவிட்டால் ஐடிவி, அதாவது வண்டிக்குப் போட்ட மதிப்பு, குறைந்திருக்கும். அடுத்த முறை, “ஐஎம்டி 23 சேர்த்துக் கொட்டேஷன் கொடுங்க” என்று கேட்டு வாங்குங்கள்.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே, அதாவது கார் லைசென்ஸிலேயே, ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. உங்கள் வண்டி அதில் பாதிகூட வராது. ஆனால் எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று, தேதி தாண்டியிருந்தால் கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளும், அதை முதலில் பாருங்கள்.

அப்புறம், வண்டியில் இருந்த கேன்கள் உடைந்திருந்தால் அதற்கு இந்தப் பாலிசியில் காசு வராது. சரக்குக்குத் தனி இன்சூரன்ஸ் உண்டு. தண்ணீர் கேனுக்கு அது கட்டுப்படியாகாது. எண்ணெய், எலெக்ட்ரானிக்ஸ் ஏற்றுகிறவர்கள் யோசிக்கலாம்.